பிரித்தானியா பிரிந்து போனது சரியா? வகுப்பில் முடியாமல் போன ஒரு விவாதம்

(கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகள் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிற வீடுகளில் கட்டாயம் வாசியுங்கள்.)

போன வாரம் உயர்தர வகுப்பில் ஒரு விவாதம் வைத்தோம். தலைப்பு: "ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரித்தானியா விலகியது சரியே." பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிந்து நன்றாகவே பேசினார்கள். நடுவர்களாக உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மணி அடித்ததும் தப்பித்தோம் என்று எழும்பினோம். ஆனால் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை விடவில்லை. "சேர், அந்த நாட்டுக்காரன் போனால் என்ன, இருந்தால் என்ன? எங்களுக்கு இதில் என்ன இருக்கு?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில், நமக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிற உடுப்புகளை அதிகமாக வாங்கும் நாடு அமெரிக்கா. அதற்கு அடுத்த இடத்தில் இருப்பது பிரித்தானியா. பிரித்தானியா ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில், லண்டன் கடைக்குப் போகிற நம் சேட்டுக்கு எவ்வளவு தீர்வை என்பதை முடிவு செய்தது லண்டன் அல்ல, பிரசல்ஸ். 2010 ஓகஸ்டில் நாம் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை இழந்தபோது பிரித்தானியச் சந்தையிலும் சேர்த்தே இழந்தோம். 2017 மே மாதம் மீளக் கிடைத்தபோது அங்கேயும் சேர்த்தே கிடைத்தது. இன்று அப்படி இல்லை. பிரித்தானியாவுக்கு ஒரு திட்டம், ஐரோப்பாவுக்கு வேறொரு திட்டம். காலையில் பஸ்ஸில் ஏறி காமன்டுக்குப் போகிற நம் பிள்ளையின் சம்பளத்துக்கும் அந்தப் பிரிவுக்கும் இடையில் ஒரு நூல் ஓடுகிறது.

இரண்டாவது விஷயத்தைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. 2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த அந்த சர்வஜன வாக்கெடுப்பில், பிரித்தானியாவில் வசித்த பொதுநலவாய நாட்டுப் பிரஜைகளுக்கும் வாக்கு இருந்தது. அதாவது இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே இருந்தவரும் வாக்களித்தார். இருபது வருடம் அங்கேயே வேலை செய்து வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கும் ஜேர்மன்காரருக்கும் வாக்கு இல்லை.

எங்களிடம் படித்த ஒருவர் அந்த நேரம் லெஸ்டரில் இருந்தார். அன்றிரவு கோல் எடுத்தார். "சேர், நான் வோட் போட்டுட்டு வந்தன். எண்ட ரூமில இருக்கிற போலந்துக்காரனுக்கு வோட் இல்ல, எனக்கு இரிக்கி" என்று சிரித்தார். எதற்குப் போட்டாய் என்று கேட்டோம். "விலகத்தான் போட்டன்" என்றார். காரணமும் சொன்னார். அவருடைய தம்பிக்கு இரண்டு முறை விசா மறுத்திருந்தார்கள். போலந்துக்காரரோ விசா எதுவும் இல்லாமல், ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கியவர். "அவனுக்குத் திறந்த கதவு எங்களுக்கு ஏன் பூட்டு? அத மூடினா எங்கட பக்கம் திறப்பாங்க" என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு அவருடையது மட்டுமல்ல. அங்கே உணவகம் நடத்துகிற பங்களாதேஷ் வம்சாவளியினர் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். ஐரோப்பியர்கள் தடையில்லாமல் வருவது நின்றால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவரலாம் என்று விலகல் அணித் தலைவர்களே சொன்னார்கள். அதை நம்பி வாக்களித்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தம்பிக்கு விசா கிடைக்காதவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

இனி விலகல் அணியின் வாதத்தை நேர்மையாக வைப்போம்.

பிரித்தானியா இந்த அமைப்புக்குள் ஆசையோடு ஓடிப்போன நாடு அல்ல. 1957இல் ரோம் உடன்படிக்கை எழுதப்பட்டபோது வெளியே நின்றது. பிறகு சேர விரும்பியபோது பிரான்ஸின் டி கோல் 1963இலும் 1967இலும் கதவைச் சாத்தினார். 1973 ஜனவரி 1ஆம் திகதிதான் உள்ளே போனது. இரண்டே வருடத்தில், 1975இல், "இருப்பதா வேண்டாமா" என்று மக்களிடம் கேட்டார்கள். 67 வீதமானோர் இருப்போம் என்றார்கள். அன்று மக்கள் ஏற்றுக்கொண்டதைப் பொதுச்சந்தை என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு அது வளர்ந்தது. 1992இல் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, பொது நாணயம், பொதுப் பிரஜாவுரிமை என்று போனது. பிரித்தானியா யூரோவில் சேரவில்லை, ஷெங்கன் எல்லைத் திட்டத்திலும் சேரவில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே ஒரு காலை வாசலில் வைத்திருந்தது.

2004இல் போலந்து உட்பட 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. அவர்களுக்கு உடனேயே வேலைச்சந்தையைத் திறந்துவிட்ட மூன்று நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. இலட்சக்கணக்கானோர் வந்தார்கள். நாட்டுக்கு வருமானம் கூடியது உண்மை. ஆனால் தொழிற்சாலை மூடிப்போன வடக்கு இங்கிலாந்துச் சிறு நகரத்தில் இருந்தவனுக்கு அந்த வருமானம் கண்ணில் படவில்லை. கிளினிக்கில் நீண்ட வரிசையும் ஏறிய வாடகையும்தான் பட்டது. எங்கள் சட்டத்தை எங்கள் பாராளுமன்றம் ஆக்கட்டும், லக்சம்பேர்க்கில் இருக்கிற நீதிமன்றம் எங்களுக்கு மேல் நிற்க வேண்டாம் என்பது ஒரு மரியாதையான வாதம். காலனி ஆட்சியைக் கண்ட நாம் அந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த வாதத்தோடு பொய்யும் கலந்தது. வாரம் 350 மில்லியன் பவுண் ஒன்றியத்துக்குப் போகிறது, அதை வைத்தியசாலைகளுக்குக் கொடுப்போம் என்று ஒரு சிவப்பு பஸ்ஸில் எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்தக் கணக்கு தவறாக வழிநடத்துகிறது என்று நாட்டின் புள்ளிவிபர அதிகார சபையே சொன்னது. மார்கரெட் தட்சர் 1984இல் வாதாடிப் பெற்ற கழிவை அதில் கழிக்கவே இல்லை. பஸ் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

மற்ற அணியும் சுத்தமில்லை. விலக வாக்களித்தால் போதும், உடனே பொருளாதாரம் சுருங்கும், 5 இலட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்று திறைசேரி பயம் காட்டியது. பவுண் விழுந்தது உண்மை. ஆனால் சொன்ன அந்த உடனடி வீழ்ச்சி வரவில்லை. பயம் காட்டியவர்கள் பொய்த்ததால், உண்மையான எச்சரிக்கைகளையும் மக்கள் கேட்காமல் விட்டார்கள். ஆசிரியர்களான எங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளையைப் பூச்சாண்டி காட்டி வளர்த்தால் ஒரு நாள் உண்மையான பாம்பைக் காட்டினாலும் அது சிரிக்கும்.

முடிவு என்ன?

விலக 51.9 வீதம், இருக்க 48.1 வீதம். 1 கோடி 74 இலட்சம் பேர் ஒரு பக்கம், 1 கோடி 61 இலட்சம் பேர் மறுபக்கம். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகு என்றன. ஸ்கொட்லாந்தில் 62 வீதமும் வட அயர்லாந்தில் ஏறத்தாழ 56 வீதமும் இருப்போம் என்றார்கள். 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை. அந்த முடிவோடு அதிக காலம் வாழப்போவது அவர்கள்தான். வகுப்பில் இதைச் சொன்னபோது இரண்டு அணியும் ஒரே குரலில் சத்தம் போட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

ஸ்கொட்லாந்தின் கதை இன்னும் சிக்கல். 2014இல் அவர்களிடம் "பிரித்தானியாவை விட்டுப் பிரிகிறீர்களா" என்று கேட்டார்கள். பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் உங்கள் இடம் போய்விடும் என்று சொல்லித்தான் பலரைத் தடுத்தார்கள். 55 வீதம் சேர்ந்தே இருப்போம் என்றது. இரண்டு வருடம் கழித்து அவர்கள் விரும்பாமலேயே ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதென்று முடிவானது. ஒரு கூட்டிலிருந்து வெளியேற உரிமை உண்டென்றால், அந்தக் கூட்டுக்குள் இருக்கிற சின்னக் கூட்டுக்கும் அது உண்டா? இந்தக் கேள்விக்கு லண்டன் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை.

வட அயர்லாந்து பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். யுத்தம் பார்த்த நாட்டுக்காரர்களான நமக்கு இந்தப் பகுதிதான் சரியாக விளங்கும்.

அங்கே ஏறத்தாழ 30 வருடம் குண்டும் துப்பாக்கியும்தான். 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1998 ஏப்ரல் 10ஆம் திகதி பெரிய வெள்ளி உடன்படிக்கை வந்தது. அதன்பிறகு அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடையில் இருக்கிற சுமார் 500 கிலோமீற்றர் எல்லையில் சோதனைச் சாவடிகள் இல்லாமல் போயின. 200க்கும் மேற்பட்ட இடங்களில் வீதிகள் எல்லையைக் கடக்கின்றன. ஒருவர் காலையில் ஒரு நாட்டில் எழும்பி, மற்ற நாட்டில் வேலை செய்து, பின்னேரம் வீடு வரலாம். இரண்டு பக்கமும் ஒரே ஒன்றியத்தில் இருந்தபடியால் சரக்குக்கும் சுங்கம் தேவைப்படவில்லை.

பிரித்தானியா விலகினால் அந்த எல்லை ஒன்றியத்தின் வெளி எல்லையாகிவிடும். அங்கே சுங்கச் சாவடி போடுவதா? சாவடி வந்தால் காவலுக்கு ஆள் வரும், ஆளைப் பாதுகாக்க ஆயுதம் வரும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்ற நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிரசாரக் காலத்தில் இதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. வாக்களித்த பிறகுதான் விழித்தார்கள். இதே முடிச்சில்தான் தெரேசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 230 வாக்குகளால் தோற்றது. கடைசியில் நிலத்தில் எல்லை வேண்டாம் என்று கடலில் போட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வட அயர்லாந்துக்கு, அதாவது தன் நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு, சாமான் அனுப்பவே சோதனை வந்தது. அதற்கு எதிர்ப்புத் தெரிவித்து அங்குள்ள பெரிய ஐக்கியவாதக் கட்சி 2022 பெப்ரவரியில் ஆட்சியிலிருந்து வெளியேறியது. இரண்டு வருடம் அந்த மாகாணத்தில் அரசாங்கமே இல்லை.

பிரிவது சுலபம், சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நமக்குத் தெரியாமலேயே எது எதையெல்லாம் அந்தச் சேர்க்கை தாங்கிக்கொண்டிருந்தது என்பது பிரிந்த பிறகுதான் தெரியும் என்று எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதைப் பிள்ளைகளிடம் எழுதச் சொல்லிக் கொடுத்தோம்.

2020 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானியா வெளியேறியது. ஒன்றியத்தைப் பிரிந்து போன முதல் முழு நாடு அதுதான். (டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட கிரீன்லாந்து 1985இல் விலகியது, ஆனால் அது தனி நாடல்ல.) வாக்கெடுப்பு நடந்தபோது பிரதமராக இருந்தவர் கமரூன். அதன்பின் மே, ஜோன்சன், ட்ரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஐந்து பேர் வந்தார்கள். நீண்டகாலத்தில் நாட்டின் உற்பத்தித்திறன் 4 வீதம் குறையும் என்று அவர்களுடைய வரவு செலவுத் திட்டத்தைக் கண்காணிக்கிற சுயாதீன அலுவலகம் மதிப்பிடுகிறது. தீர்வை இல்லை என்றாலும் படிவமும் சான்றிதழும் சோதனையும் உண்டு. பெரிய கம்பனி அதற்கு ஆள் வைக்கும். சிறு வியாபாரி ஏற்றுமதியையே விட்டுவிடுவான்.

சரி, கதவு விஷயம் என்ன ஆனது?

எங்கள் பழைய மாணவரின் கணக்கு பாதி பலித்தது. ஐரோப்பியருக்குக் கதவு சாத்தப்பட்டது, மற்றவர்களுக்குத் திறந்தது. 2022 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் விசா கொடுத்தார்கள். அவருடைய தம்பி 2023இல் போய்ச் சேர்ந்தார். 2023 ஜூனுடன் முடிந்த ஒரு வருடத்தில் போனவர்களைக் கழித்து நாட்டுக்குள் வந்தவர்கள் 9 இலட்சத்துக்கும் மேல். குடியேற்றத்தைக் குறைக்கத்தான் பிரிகிறோம் என்று வாக்களித்த மக்களுக்கு, பிரிந்த பிறகு முன்பைவிட அதிகம் பேர் வந்தார்கள்!

அடுத்து என்ன நடக்கும்? கோபம் திரும்பியது. 2024 மார்ச்சிலிருந்து பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே அந்த வேலைக்கு நிறுத்திவிட்டார்கள். ஏஜென்ஸிக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள் நம்மூர்களிலும் உண்டு. அவர்களின் பெயரை எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. அந்த வாக்கெடுப்புக்கு அடுத்த மாதம், 2016 ஜூலையில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸில் பதிவான இன, மத வெறுப்புக் குற்றங்கள் முந்தைய வருடத்தின் அதே மாதத்தைவிட 41 வீதம் கூடின. "உன் நாட்டுக்குப் போ" என்று ஏசியவன் போலந்துக்காரன் யார், இலங்கையான் யார் என்று கடவுச்சீட்டைப் பார்த்து ஏசவில்லை. விலகு என்று வாக்களித்த நம்மவனும் அந்த ஏச்சைக் கேட்டான்.

நன்மையே இல்லையா? உண்டு, சொல்லத்தான் வேண்டும். ஜீ.எஸ்.பி. பிளஸ்ஸின் கீழ் தீர்வையில்லாமல் ஐரோப்பாவுக்கு உடுப்பு அனுப்ப, பொதுவாகத் துணியையும் இங்கேயே நெய்து இங்கேயே தைத்திருக்க வேண்டும் என்கிற மாதிரியான விதி இருக்கிறது. நமக்கோ துணி பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. அதனால் சலுகை இருந்தும் முழுதாகப் பயன்படுத்த முடியவில்லை. பிரிந்த பிரித்தானியா 2023 ஜூனில் வளர்முக நாடுகளுக்கெனத் தன் சொந்த வர்த்தகத் திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஜூலையில் இந்தத் துணி விதியை நம் போன்ற நாடுகளுக்குத் தளர்த்துவதாகவும் அறிவித்தது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் அதைத் தனியாகச் செய்திருக்க முடியாது. காமன்டில் வேலை செய்கிற நம் பிள்ளைக்கு அது நல்ல செய்திதான்.

அப்படியென்றால் எங்கள் தீர்ப்பு?

ஒரு நாடு ஒரு ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு முழு உரிமை உண்டு. லிஸ்பன் உடன்படிக்கையின் 50ஆவது உறுப்புரையே அதைச் சொல்கிறது. ஆகவே விலகியது குற்றமல்ல. எங்கள் குறை கேள்வி கேட்ட விதத்தில்தான். "இருப்பதா, விலகுவதா" என்று மட்டும் கேட்டார்கள். விலகி எங்கே போவது என்று கேட்கவே இல்லை. நோர்வேயைப் போல் சந்தைக்குள் இருப்பதா, சுவிட்சர்லாந்தைப் போல் ஒவ்வொன்றாக உடன்படிக்கை செய்வதா, எல்லாவற்றையும் அறுப்பதா? விலகு என்று வாக்களித்த 1 கோடி 74 இலட்சம் பேரின் மனதிலும் வேறு வேறு ஊர் இருந்தது. பஸ் புறப்பட்ட பிறகுதான் எந்த ஊருக்கு என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டை மூன்றரை வருடம் நடந்தது.

இன்னொரு குறை, எல்லைக்கோடு வைக்காதது. 1979இல் ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சபை வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளரில் 40 வீதம் ஆம் என்று சொல்ல வேண்டும் என்று இதே பிரித்தானியா விதி வைத்தது. வாக்களித்தோரில் 51.6 வீதம் ஆம் என்றும் அது தோற்றது, ஏனென்றால் மொத்த வாக்காளரில் அது 33 வீதம்கூட இல்லை. 2016இல் விலகு என்றவர்கள் மொத்த வாக்காளரில் சுமார் 37 வீதம். ஒரு சபை அமைக்கத் தேவைப்பட்ட அந்தக் கோடு, 47 வருடச் சேர்க்கையை முறிக்கத் தேவைப்படவில்லை.

நம் மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1982 டிசம்பர் 22ஆம் திகதி நம்மிடமும் ஒரு கேள்வி கேட்டார்கள். பாராளுமன்றத்தின் ஆயுளை 6 வருடம் நீடிப்பதா? ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். விளக்கு 54 வீதத்துக்கு மேல் எடுத்தது. 1977க்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் வந்தது. ஒரு நாள் போட்ட ஒரு புள்ளடியோடு எவ்வளவு காலம் வாழ வேண்டி வருகிறது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

ஆகவே பின்வாங்குப் பிள்ளைக்கு எங்கள் பதில் இதுதான். மகள், நாளைக்கு உனக்கும் வாக்கு வரும். ஆம், இல்லை என்று யாராவது ஒரு சீட்டை நீட்டினால், புள்ளடி போட முன் மூன்று கேள்வி கேள். இதற்குப் பிறகு என்ன? இதனால் எந்த எல்லையில் யார் மாட்டுவார்? இப்போது எனக்காக இந்தக் கதவைத் திறப்பவன், அடுத்த முறை கோபம் வந்தால் அதை யார் முகத்தில் சாத்துவான்?

இந்தப் பதிவை எழுத முன் லெஸ்டர்க்காரருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டோம். இப்போது கேட்டால் எப்படி வோட் போடுவாய் என்று. வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "தம்பி வந்தது அதாலதான் சேர். ஆனா அவண்ட பிள்ளைக்கி இஞ்ச என்ன நடக்குமெண்டு இப்ப பயமா இரிக்கி. என்ன சொல்றதெண்டே தெரியல்ல."

அவருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. விவாதத்தில் எந்த அணிக்கு வெற்றி கொடுப்பது என்று நாங்களும் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் பிள்ளைகளே வாக்களிக்கப் போகிறார்கள். இந்த முறை கேள்வியை அவர்களே எழுதட்டும் என்று விட்டிருக்கிறோம்.

உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். பிரித்தானியாவில் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் கட்டாயம் எழுதுங்கள், அன்று எதற்குப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று. யாரையும் ஏசாமல் எழுதுங்கள், மாணவர்களும் வாசிக்கிறார்கள்.